காற்பந்துச் சட்டையில் சாய்ந்த தமிழ்: வரைவதா, சாய்ப்பதா?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரக் காற்பந்துக் குழுவின் புதிய சட்டைக்கு ஆங்கில எழுத்து தேடுவது பெரிய வேலையாக இல்லை. பாங்காக்கின் கட்சன் டெமாக் நிறுவனம் வடிவமைத்த கனித் எழுத்துரு 9 தடிமன்களில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சாய்வு வடிவம் உண்டு. ஆகத் தடித்த சாய்வை எடுத்தோம், முடிந்தது.

முதுகில் வரும் தமிழ்ப் பெயர்தான் இழுத்தடித்தது. சாய்வாகவே பிறந்த தமிழ் எழுத்துரு என்றால் தாரிக் அசீஸின் கவிவாணர் இருக்கிறது. ஆனால் அது கையெழுத்துச் சாயல், ஒரே தடிமன். கவியரங்க அழைப்பிதழுக்கு அழகு. பந்தை உதைப்பவன் முதுகுக்கு எடுபடாது. மிச்சம் இரண்டு வழிகள்: பெயர்களை ஓவியரிடம் கொடுத்து வரைவது, அல்லது ஏக் டைப் என்ற வடிவமைப்புக் குழுவின் ‘அனெக் தமிழ்’ எழுத்துருவைக் கணினியில் சாய்ப்பது.

பார்வைக்கு வரைந்ததுதான் வெல்லும், அதில் வாதம் வேண்டாம். இருந்தும் நான் அனெக் பக்கம் நிற்பதற்குக் காரணம் பராமரிப்பு. ஒருவன் தேசிய சேவைக்குப் போவான், புதியவன் வருவான், எண் மாறும். ஒவ்வொரு பெயருக்கும் ஓவியர் பின்னால் அலைய முடியுமா? அனெக் இருந்தால் யாரும் தட்டச்சு செய்துவிடலாம். எழுத்தின் அகலத்தை 75 முதல் 125 விழுக்காடு வரை மாற்ற முடிவதால், ‘கார்த்திகேயன்’ இறுகியும் ‘ரவி’ விரிந்தும் ஒரே உயரத்தில் நிற்கும். திறந்த உரிமம் என்பதால் கோப்பைக் குவீன்ஸ்வேயில் அச்சடிப்பவரிடமே கொடுத்துவிடலாம். விலைகொடுத்து வாங்கும் எழுத்துருக்களில் பெரும்பாலும் கணினிக்கு இத்தனை என்று கணக்கு இருக்கும். கடைக்காரரிடம் கோப்பைத் தருவதற்கு முன் உரிமத்தைப் படித்தாக வேண்டும்.

வெறுமனே சாய்த்தால் மட்டும் போதாது. வட்டம் முட்டையாகிவிடும்: மேல் வலமும் கீழ் இடமும் தடிக்கும், மற்ற இரு மூலைகள் மெலியும். ஆங்கிலத்தில் இது ‘ஓ’ போன்ற சில எழுத்துகளோடு போய்விடும். தமிழில் ண, ன, ஞ, ழ என்று எங்கு பார்த்தாலும் சுழிதான். அதனால் உச்சத் தடிமனான 800ஐ விட்டு 700க்கு இறங்கி, 10 பாகைக்கு மேல் சாய்க்காமல் நிறுத்துவது நல்லது. சுழிக்குள் வெளிச்சம் இருக்கும்; பெயரை வினைல் தாளில் வெட்டியபின் உள்ளிருக்கும் துணுக்கைப் பிடுங்குபவருக்கும் கை வலிக்காது.

இன்னொன்று புள்ளி. ‘முருகன்’, ‘குமார்’ என்று நம் பெயர்களில் பாதி புள்ளியில்தான் முடிகிறது. சூட்டில் ஒட்டும் வினைலில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. ஒட்டும் பரப்பு குறைவு என்பதால் முதலில் உரிவது அதுதான். அச்சுக்கு அனுப்புமுன் புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, பக்கத்து எழுத்தின் இகரக் கொக்கி இடிக்காதபடி நகர்த்தி வையுங்கள். இது எத்தனை பருவம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல எங்கள் சட்டைகளுக்கு இன்னும் வயதாகவில்லை.

மார்பில் வரும் குழுச் சின்னத்தை மட்டும் தாராளமாக ஓவியரிடம் கொடுங்கள். ஆள் மாறினாலும் அது மாறப்போவதில்லை.