ஹேங்டு, ஹங்: தூக்குக்கு எது, சட்டைக்கு எது?

‘ஹேங்’ என்ற ஆங்கில வினைக்கு இறந்தகால வடிவங்கள் இரண்டு. ஆளைத் தூக்கிலிட்டால் ‘ஹேங்டு’, சட்டையை ஆணியில் மாட்டினால் ‘ஹங்’ என்று வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். விதி சரிதான். ஆனால் அதில் தர்க்கத்தைத் தேட வேண்டாம். இருப்பது வரலாறு மட்டுமே.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வினைகள் இருந்தன. ‘ஹோன்’ என்பது பிறவினை: ஒன்றைத் தொங்கவிடுவது. அது உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டும் இனம். ‘ஹங்கியன்’ தன்வினை: தானாகத் தொங்குவது. அது கடைசியில் விகுதி (இன்றைய ‘-ed’) ஏற்கும் இனம். ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ‘ஹெங்யா’வும் வந்து சேர, மூன்றும் ஒரே சொல்லாகக் கலந்தன, வடிவங்களும் குழம்பின.

‘ஹேங்டு’ விகுதி வழி வந்தது. ‘ஹங்’ 16ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்து வழக்கிலிருந்து தலைகாட்டியது. 1611இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளில், 137ஆம் சங்கீதத்தில், பாபிலோனில் சிறைப்பட்டவர்கள் தங்கள் யாழ்களை அலரி மரங்களில் மாட்டுகிறார்கள். அங்கே யாழுக்கும் ‘ஹேங்டு’தான்! ‘தூக்குக்கு மட்டும்’ என்ற வேலி அப்போது இல்லை.

பிறகு ‘ஹங்’ வீட்டுப் புழக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. நீதிமன்றம் மட்டும் அசையவில்லை. சட்ட மொழி பழைய வாசகத்தை லேசில் கைவிடாது. இந்தியாவின் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354(5) பிரிவும் மரண தண்டனையை ‘ஹேங்டு’ என்றே எழுதியது. நம் தீர்ப்புகளில் ‘சாகும்வரை தூக்கிலிட’ என்று வருவதன் ஆங்கில மூலம் அதுதான்.

புதிய பொருள்கள் எல்லாம் ‘ஹங்’ பக்கமே சேர்ந்தன. யாருக்கும் பெரும்பான்மை இல்லாத ‘ஹங்’ நாடாளுமன்றத்தை பிரிட்டன் 1974 பிப்ரவரியிலும், இந்தியா 1989இலும் பார்த்தன. அமெரிக்காவில் முடிவுக்கு வராத ஜூரியும் ‘ஹங்’. உறைந்துபோன கணினியும் அப்படியே.

எதை எழுதுவது? கழுத்தில் கயிறு, அதனால் மரணம் என்றால், தண்டனையோ தற்கொலையோ, ‘ஹேங்டு’. அங்கே ‘ஹங்’ எழுதினால் இலக்கணம் இடிந்துவிடாது. நல்ல எழுத்தாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பத்திரிகை ஆசிரியர் சிவப்பு மையை எடுப்பார், அந்தச் சண்டை வீண். ஒருவரைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, அவர் உயிரோடு இறக்கப்பட்டால் ‘ஹங்’.