ஆஃப்செட்டா, டிஜிட்டலா? ஒரு ஜாஸ் சிற்றிதழின் கணக்கு

ஜாஸ் பற்றித் தமிழில் சிற்றிதழ் என்றதும், "எத்தனை பேர் வாங்குவாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் கணக்கு 150 பிரதி. அதை எதில் அடிப்பது?

ஆஃப்செட்டில் பிளேட் (பக்கங்களைப் பதித்த அச்சுத் தகடு) செலவு முதலிலேயே விழுந்துவிடும். 100 பிரதி அடித்தாலும் 1,000 அடித்தாலும் அது ஒன்றுதான். அதனால் திருவல்லிக்கேணி அச்சகங்களில் "500 பிரதியாவது போடுங்க சார்" என்பார்கள். ஆசைப்பட்டுப் போட்டால் மிச்சம் பரண்மேல். சென்னை ஈரக்காற்றில் அட்டை நெளிந்துவிடும். டிஜிட்டலில் பிளேட்டே இல்லை. 50 அடிக்கலாம், தீர்ந்தால் மறுபடி 50. என்ன, அதிகம் அடித்தாலும் பிரதி விலை பெரிதாக இறங்காது.

ஆனால் படங்கள் என்று வந்தால் மனசு ஆஃப்செட்டுக்குத்தான் ஓடுகிறது. புளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்தவை மாதிரி, இருட்டிலிருந்து முகமும் சாக்ஸபோனும் மட்டும் எழுந்துவரும் கறுப்பு வெள்ளைப் படங்கள். மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாளில் ஆஃப்செட் மை ஊறி நிற்கிற அழகே வேறு. டிஜிட்டலில் மைக்குப் பதிலாக வரும் டோனர் பொடி தாளின் மேல் உட்கார்ந்து பளபளக்கிறது. (வுல்ஃப் படங்களை அப்படியே எடுத்துப் போட முடியாது, உரிமைச் சிக்கல். நம் ஊர்க் கச்சேரியை நாமே எடுக்க வேண்டியதுதான்.)

பைண்டிங் இரண்டுக்கும் ஒன்றுதான்: 48 பக்கம், நடுவில் இரண்டு பின்.

நான் இப்போதைக்கு டிஜிட்டல். அட்டையை மட்டும் இதழ் பெயரோடு ஒரு வருடத்துக்குச் சேர்த்து ஆஃப்செட்டில் அடித்துவைத்துக்கொண்டு, இதழ் எண்ணை ரப்பர் ஸ்டாம்பால் குத்தப்போகிறேன்.