சித்தப்பாவின் மொறிஸ் மைனரும் கொக்குவில் மெக்கானிக்கும்

ரொறன்ரோவில் காரைக் கராஜில் விட்டால் முதலில் கொம்பியூட்டரைத்தான் பூட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் சித்தப்பா வைத்திருக்கும் 1098 சி.சி. மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரில் அதற்கு வழியில்லை. இந்த முறை போனபோது அதற்கு ஒரு வருத்தம்: ஓடும்போது ஒரு குறையும் இல்லை, கஸ்தூரியார் வீதிச் சந்தியில் காலை எடுத்தால் குலுங்கிக் குலுங்கி நின்றுவிடும்.

முதலில் போன கராஜில் (பெயர் வேண்டாம்) ஐடில் ஸ்க்ரூவை (காலை எடுத்தபிறகு எஞ்சின் சுழலும் வேகத்தை வைக்கும் திருகாணி) இறுக்கி ரேஸைக் கூட்டிவிட்டு 3,000 ரூபா வாங்கினார்கள். பிறகு எஞ்சின் நிற்கவில்லைதான். ஆனால் சந்தியில் தெருவே திரும்பிப் பார்க்கிற இரைச்சல். இதற்குப் பெயர் திருத்தமா?

கொக்குவில் மெக்கானிக் வேறு ரகம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது, துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரை அவர் முதலில் தொடவேயில்லை. தீப்பொறிக்கான பொயின்ற் இடைவெளி, பிளக், வால்வ் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். அந்தக் காரின் எஸ்.யு. வகைக் காபரேட்டரில் திறொட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு) தண்டு வெளியே வரும் இரண்டு முனையிலும் சொட்டு விட்டார். குலுக்கம் சட்டென்று அடங்கியது. எண்ணெய் உள்ளே போனதும் திரும்பத் தொடங்கியது.

“தம்பி, இதுக்குள்ளாலதான் காத்து இழுக்குது. ஸ்க்ரூவைத் திருகி மறைக்கலாம், திருத்தேலாது.”

தண்டு தேய்ந்து ஓட்டை பெருத்திருக்கிறது. ஐடிலில் திறொட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் அந்தச் சிறு காற்றே கலவையைக் கெடுத்துவிடும். ஓட்டத்தில் உள்ளே போகும் பெருங்காற்றோடு அது கணக்கில்லை.

தண்டை மாற்றி, பெருத்த ஓட்டைக்கு லேத்தில் பித்தளைப் புஷ் கடைந்து போட்டார். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை விட்டு, கலவை சரியா என்று அறியக் காபரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தூக்கிப் பார்த்தார். வேகம் கூடி அப்படியே இருந்தால் பெற்றோல் கூட. எஞ்சின் நிற்கப் பார்த்தால் குறைவு. கொஞ்சம் எழும்பிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. அடியிலுள்ள நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்.

எல்லாமாக 8,500 ரூபா. ரசீது கிடையாது, நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு முடியாது. சாமான் வாங்கப் போனவர் பின்னேரம்தான் திரும்பினார். அவசரக்காரர் போகவேண்டாம். கழற்றிய பழைய தண்டைச் சித்தப்பாவின் கையில் தந்து, தேய்ந்த பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். முதல் கராஜில் போனற்றைத் திறந்ததைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை.