தெய்சேயில் ஒரு கிழமை: இளையோர் பொறுப்பாளர்களை அனுப்பலாமா?

அனுப்பலாம். தெய்சே என்பது பிரான்சில் ஒரு துறவற சமூகம்; இளையோர் போய் ஒரு கிழமை தங்கிச் செபிக்கிற இடம். யாரை, எந்த மாதத்தில், வீட்டில் என்ன சொல்லி அனுப்புவது என்பதில்தான் கவனம் வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பரிஸ் நகரத்துக்குக் கிட்ட ஒரு தமிழ்க் கத்தோலிக்கப் பணியகத்தில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். பாடகர் குழு, பீடப்பணியாளர், ஒளிவிழா, திருவிழாச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரு கைப்பிடி இளையோர்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வருடா வருடம் கூட்டத்தில் யாராவது எழும்பிச் சொல்வார். முந்தி ஒருமுறை ஹோட்டல் மண்டபம் ஒன்றில் நடந்த வார இறுதிக் கருத்தரங்குக்குக் காசு கட்டி அனுப்பினோம். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். திரை முழுக்கப் படங்கள், வெற்றிக்கு ஏழு வழிகள், நடுநடுவே விவிலிய வசனம், கடைசியில் சட்டம் போட்ட சான்றிதழ். திரும்பி வந்த பிள்ளைகள் முன்னரைவிட வடிவாக மைக் பிடித்தார்கள். பூசை முடியக் கதிரை அடுக்கத்தான் ஆள் இல்லை.

இந்த முறை அதே காசில் பாதிகூடப் போகவில்லை. தெய்சேக்குப் போனோம்.

பிரான்சின் பூர்கோஞ் பகுதியில், குளுனி நகரத்துக்குப் பக்கத்துக் குன்றொன்றில் இருக்கிற சின்னக் கிராமம் இது. சுவிற்சர்லாந்திலிருந்து ரொஜர் என்ற 25 வயது இளைஞர் 1940 இல் சைக்கிளில் இங்கே வந்து ஒரு வீட்டை வாங்கினார். ஜெர்மன் படை பிரான்சை இரண்டாகப் பிரித்து வைத்திருந்த நேரம். பிரிவுக் கோடு கிட்டத்தான். தப்பி வந்தவர்களை, யூதர்களையும் சேர்த்து, அந்த வீட்டில் ஒளித்து வைத்தார். யுத்தம் முடிந்தபின் அக்கம்பக்கத்து முகாம்களில் அடைபட்டிருந்த ஜெர்மன் கைதிகளையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் தொண்டையில் நின்றது. முதலாவதைச் செய்தவர்களை எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறேன். 1949 இல் ஏழு பேர் சேர்ந்து வாழ்நாள் வாக்குக் கொடுத்துத் தொடங்கிய துறவற சமூகம் இப்போது பல நாட்டுக் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் ஒன்றாக வாழ்கிற இடமாக இருக்கிறது. 1962 இல் திறந்த பெரிய கோவிலுக்குப் பெயரே ஒப்புரவுக் கோவில். கட்டிக் கொடுத்தவர்கள் ஜெர்மன் இளையோர்.

தலைமைத்துவம் பற்றி அங்கே ஒருவரும் வகுப்பெடுப்பதில்லை. அப்படி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நாளுக்கு மூன்று வேளை மணி அடிக்கும், செபத்துக்குப் போவோம். காலையில் ஒரு சகோதரர் விவிலியப் பகுதி ஒன்றை விளக்குவார்; பிறகு சின்னக் குழுக்களாக இருந்து கதைப்போம். மிச்ச நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஞாயிறு வந்து அடுத்த ஞாயிறு போவது வழக்கம். ஆயிரக்கணக்கான சனம் வருகிற கிழமைகளிலும் சமையல், கழுவல், கூட்டல், வரவேற்பு எல்லாம் வந்தவர்கள் கையில்தான் ஓடுகிறது.

அந்த வேலைப் பங்கீட்டுக்கே நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன். எங்கள் பாடகர் குழுவை நடத்துகிற பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. கெட்டிக்காரி, ஆனால் வாய் திறந்தால் கட்டளைதான். அவளுக்குக் கக்கூஸ் கழுவுகிற குழுவில் இடம் விழுந்தது. முதல் நாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவன் சில மாதம் தங்கித் தொண்டு செய்கிற ஜெர்மன் பெடியன். வந்ததும் மோசமான மூலையைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதில் யாருக்கு எது விருப்பம் என்று கேட்பானாம். புதன்கிழமை தேத்தண்ணி நேரம் என் பக்கத்தில் வந்து இருந்தாள். "ஆன்ரி, அவன் ஒருத்தரையும் ஏசேல்லை. ஆனா வேலை எல்லாம் முடிஞ்சுது." நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு பாடல் தெரிவை இரண்டு சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறாள். அவர்கள் தெரிவுசெய்கிற பாட்டு எனக்குப் பிடிப்பதில்லை, அது வேறு கதை.

நாங்கள் போன கிழமை பெரியவர்கள் குழுவில் ஒரு நாள் விவிலியத்தில் விடுதலைப் பயணம் நூலின் 18 ஆம் அதிகாரம். மோசே காலை தொடங்கி மாலை வரை தனியாக இருந்து மக்களின் வழக்குகளைத் தீர்க்கிறார். மாமனார் இத்திரோ பார்க்க வருகிறார். பார்த்துவிட்டு, நீர் செய்வது சரியில்லை, நீரும் களைத்துப்போவீர், சனமும் களைத்துப்போகும் என்கிறார். ஆயிரவருக்கு, நூற்றுவருக்கு, ஐம்பதின்மருக்கு, பதின்மருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். கடலைப் பிளந்து சனத்தை நடத்திக்கொண்டு வந்த மனுசன் மாமனார் சொல்லைக் கேட்டு அப்படியே செய்கிறார் என்பதை நான் இத்தனை வருடம் படிப்பித்தும் நின்று பார்த்ததில்லை. எங்கள் சமூகத்தில் மாமனார் வந்து மருமகனின் வேலையில் பிழை சொன்னால் அன்றைக்குச் சாப்பாடே நடக்காது.

பிறகு குழுவில் கேள்வி: எந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுக்கப் பயப்படுகிறீர்கள்? ஒல்லாந்து நாட்டுக்காரர் ஒருவர், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கோப்பை அடுக்க மனைவியை விடுவதில்லை என்றார். சிரித்தோம். மனைவி அடுத்த குழுவில் இருந்து திரும்பிப் பார்த்தார். ஆனால் அவர் நிற்கவில்லை. முப்பது வருடமாக அவளைச் சின்னப்பிள்ளை போல நடத்துகிறேனோ என்று தனக்கு இப்போதுதான் படுகிறது என்றார். ஓய்வுபெற்ற போதகர் ஒருவர், பங்குப் பொறுப்பை விட்ட பிறகு காலையில் எழும்பினால் தான் யார் என்று தெரியவில்லை என்றார். எனக்கு வாயில் புத்திமதி வந்து நின்றது. எங்கள் வீடுகளில் தேத்தண்ணிக்கு முதலே வருவது அதுதானே. அங்கே புத்திமதி சொல்லக் கூடாது, மறுத்து வாதாடவும் கூடாது. ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அடுத்தவர் தன் கதையைச் சொல்லலாம், அல்லது சும்மா இருக்கலாம். இதைப் பழக எனக்குப் பல நாள் எடுத்தது. அந்த ஹோட்டல் கருத்தரங்கில் செவிமடுத்தல் என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசியவர் ஒருவரையும் பேசவிடவில்லை.

குழு எப்படி அமையும் என்பது அதிர்ஷ்டம். பாஷை தெரியாமல் தலையாட்டுகிறவர்கள் நிறைந்த குழுவில் விழுந்தால் அந்தக் கிழமை இழுபடும். ஆங்கிலமோ பிரெஞ்சோ ஓரளவுக்காவது வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்த அம்மா, அப்பாவை ஆசைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். செபம் பிடிக்கும், மிச்ச நேரம் தவிப்பார்கள்.

பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் தங்கள் வயதுக் குழுவில், தங்களுக்கு ஓடுகிற பிரெஞ்சில், உங்களுக்குத் தெரியாத பிள்ளைகளோடு கதைக்கிறார்கள். வீட்டில் தமிழில் சொல்ல வராததெல்லாம் அங்கே வருகிறது. எங்கள் பெடியன் ஒருவன் தன் தகப்பனைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன், தகப்பனுக்கும் சொல்லவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து பையை இறக்க முதல் "அங்கை என்ன கதைச்சனீ?" என்று கேட்டு நிற்காதீர்கள். அவன் சோற்றுக்கு இருக்கும்போது தானாகத் தொடங்கினால் குறுக்கே போகாமல் இருந்தாலே போதும்.

செபம் பற்றிச் சுருக்கமாக. பிரசங்கம் இல்லை. சின்னப் பாட்டு, திரும்பத் திரும்ப, பல பாஷைகளில். நடுவில் பத்து நிமிடத்துக்குக் கிட்ட முழு அமைதி. நிலத்தில்தான் இருக்க வேண்டும்; முழங்கால் வருத்தக்காரர் ஓரத்தில் இருக்கிற வாங்கைப் பிடிக்க நேரத்துக்குப் போக வேண்டும். மூன்று வேளைப் பாட்டு எனக்கே வியாழக்கிழமை கொஞ்சம் அலுத்தது. வெள்ளி இரவு சிலுவையை நிலத்தில் கிடத்தி, விரும்பியவர்கள் வந்து நெற்றியை வைத்துச் செபிப்பார்கள். நடுச்சாமம் தாண்டியும் வரிசை நிற்கும். எங்கள் பிள்ளைகளைப் படுக்கைக்குக் கலைக்க வேண்டியிருந்தது.

பதவி கைமாறுகிற விதத்தையும் எங்கள் சங்கங்கள் பார்க்க வேண்டும். 2005 ஓகஸ்ட் 16 அன்று மாலைச் செபத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், மனநலம் குழம்பிய ஒரு பெண்ணின் கத்திக்குத்தில் சகோதரர் ரொஜர் இறந்தார். அவருக்கு 90 வயது. அடுத்தவராக அலோய்ஸ் என்ற சகோதரரை அவர் ஏற்கெனவே தெரிவுசெய்து வைத்திருந்தபடியால் இழுபறி இல்லை. அலோய்ஸ் 18 வருடம் நடத்திவிட்டு, உயிரோடு இருக்கும்போதே 2023 இறுதியில் மத்தேயு என்ற ஆங்கிலேயரிடம் பொறுப்பைக் கொடுத்தார். கொடுத்தவர் கத்தோலிக்கர், வாங்கியவர் அங்கிலிக்கன். எங்கள் ஊர்ச் சங்கத்தில் பொருளாளர் கொப்பியைக் கைமாற்றவே இரண்டு பொதுக்கூட்டம் போகிறது. சமூகம் தனக்கென்று நன்கொடை வாங்குவதில்லை. சகோதரர்களுக்கு வருகிற குடும்பச் சொத்தைக்கூட வைத்துக்கொள்வதில்லை. மட்பாண்டம் செய்தும் புத்தகம் போட்டும் உழைத்துச் சாப்பிடுகிறார்கள்.

எல்லாம் வெள்ளை வெளேர் என்று நினைக்கவும் வேண்டாம். பழைய காலத்தில் சில சகோதரர்களால் நடந்த பாலியல் துஷ்பிரயோகம் பற்றி வந்த முறைப்பாடுகளை 2019 இல் அலோய்ஸே வெளிப்படையாக அறிவித்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது என் நிலைப்பாடு. நான் சொன்னேன், ஒரு தாய் மகளை அனுப்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சாப்பாடு, படுக்கை. காலையில் ஒரு சின்னப் பாண், பட்டர், சொக்லேட் குச்சி, பிடியில்லாத கோப்பையில் தேத்தண்ணி. மத்தியானமும் இரவும் பருப்பு வகை, உருளைக்கிழங்கு, பாஸ்தா என்று ஏதாவது, ஒரேயொரு கரண்டியோடு. முள்ளும் கத்தியும் கிடையாது. வயிறு நிறையும், நாக்கு ஏங்கும். இரவில் ஒயாக் என்ற கடையடியில் பிள்ளைகள் கூடிப் பாட்டும் ஆட்டமும். அங்கே கிரெப் என்ற மெல்லிய பிரெஞ்சு அப்பம் வாங்கலாம். படுக்கை பலகைக் கொட்டில்களில் அடுக்குக் கட்டில், அல்லது கூடாரம். பங்களிப்புக் காசு நாட்டுக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். வசதி குறைந்த நாட்டவருக்குக் குறைவு, முப்பது வயது தாண்டியவர்களுக்குக் கூடுதல்.

பரிஸிலிருந்து போகிறவர்கள் கார் து லியோன் நிலையத்தில் தேஜேவே என்ற வேக ரயில் எடுத்து மாகோன்-லோஷே நிலையத்தில் இறங்கினால், குளுனி வழியாக பஸ் மேலே கொண்டுபோய் விடும். இணையத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். ஓகஸ்டில் சனம் அள்ளும், எல்லாத்துக்கும் வரிசை. முதல்முறை போகிற தமிழ்க் குழுவுக்கு ஏப்ரல் விடுமுறை நல்லது, ஆனால் இரவில் குளிரும். படுக்கைப் பை, டோர்ச், மழைக்கோட்டு கட்டாயம். மிளகாய்த்தூள் போத்தல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். எங்கள் போத்தலை மூன்றாம் நாளே போலந்துக்காரர் இரவல் கேட்டு வந்தார்கள்.