பேஸ்மென்ட்ல தண்ணி வர்றது நின்னுச்சு, ரேடான் ஏறுச்சு: ரெண்டரை வருஷ அனுபவம்

2022 செப்டம்பர் மழை ஞாபகம் இருக்கும்ல, பெங்களூரே மிதந்துச்சே, அப்போ எங்க ராஜராஜேஸ்வரி நகர் வீட்டு பேஸ்மென்ட்லயும் கணுக்கால் வரைக்கும் தண்ணி. என் ஆபீஸ் டேபிள், பொண்ணோட வீணை, கொலுப் படி எல்லாம் அங்கதான். 2023 பிப்ரவரில வாட்டர்ப்ரூஃபிங் பண்ணினோம். சுவர் ஓரமா தரையை சுத்தி வெட்டி தண்ணி ஓட வாய்க்கா, மூலைல ஒரு குழி, அதுக்குள்ள குட்டி மோட்டார், சுவருக்கு கெமிக்கல் கோட்டிங், மழை அடிச்ச ரெண்டு வென்டிலேட்டரையும் செங்கல் வெச்சு அடைச்சாச்சு, அப்புறம் புழுக்கமா இருக்குன்னு மேல ஒரு ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன். தண்ணி வர்றது நின்னுச்சு, சந்தோஷம்.

வேலைக்கு முந்தின டிசம்பர்ல பென்சில்வேனியாலேர்ந்து வந்த மச்சான் ஒரு ரேடான் மீட்டர் குடுத்துட்டு போயிருந்தார். ரேடான்னா மண்ணுலேர்ந்து வர்ற ஒரு கதிரியக்க வாயு. அவர் ஊர்ல 1984ல ஸ்டான்லி வாட்ரஸ்னு ஒருத்தர், லிமெரிக் அணுமின் நிலையத்துல வேலை, அவர் போனாலே ரேடியேஷன் அலாரம் அடிக்குமாம், கடைசில பாத்தா கதிர்வீச்சு பிளான்ட்ல இல்ல, அவர் வீட்ல இருந்த ரேடான்ல! அப்போலேர்ந்து அங்க எல்லாருக்கும் இதுல ஒரு கண்ணு.

வேலைக்கு முன்னாடி எங்க பேஸ்மென்ட்ல ஒரு மாச சராசரி, கன மீட்டருக்கு 90 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கற அலகு). உலக சுகாதார நிறுவனம் 100க்குள்ள இருக்கட்டும், முடியலன்னா 300ஐ தாண்டவே வேணாம்ங்குது, அமெரிக்காக்காரன் 148 வந்தாலே சரி பண்ணுங்கறான். வேலை முடிஞ்சு மார்ச் கடைசில பாத்தா 240. மீட்டர்தான் போச்சுன்னு நினைச்சு மேல ஹால்ல ஒரு வாரம் வெச்சேன், 35. மீட்டர்ல தப்பில்ல.

நம்ம ஊரே பாறை மேலதான் உக்காந்திருக்கு, லால்பாக் பாறைக்கு வயசு 300 கோடி வருஷம். அதுல துளித்துளியா இருக்கற யுரேனியம் சிதைஞ்சு ரேடியம் ஆகி அதுலேர்ந்து இந்த வாயு. நிறமும் இல்ல வாசனையும் இல்ல. 3.8 நாள்ல பாதி அழிஞ்சிடும், ஆனா மண்ணுலேர்ந்து புதுசு வந்துகிட்டே இருக்கும், அழியும்போது விட்டுட்டு போற பொலோனியம் தூசில ஒட்டிகிட்டு நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். பல நாடுகள்ல சிகரெட்டுக்கு அடுத்தபடியா நுரையீரல் புத்துநோய்க்கு இதுதான் காரணம். "கிச்சன் கிரானைட்டை எடுத்துடலாமாடா"ன்னு அம்மா பயந்துட்டாங்க, அதுலேர்ந்து வர்றது ரொம்ப கம்மி மா, வீட்டுக்கு அடியில இருக்கற மண்ணுதான் ஆளுன்னு சொல்லி நிறுத்தினேன்.

ஒரு ஊதுபத்தியை ஏத்தி அந்த குழி மூடி இடுக்குல பிடிச்சு பாத்தேன். எக்ஸாஸ்ட் ஆஃப்ல இருந்தா புகை நேரா மேல போகுது, ஆன் பண்ணினா குழிலேர்ந்து காத்து வந்து புகையை ரூம் பக்கம் தள்ளுது. அதாவது வெளிக்காத்து வர வழியை அடைச்சுட்டு, ஃபேன் போட்டு, மண்ணுக்குள்ள இருக்கற காத்தை நாங்களே உறிஞ்சிகிட்டு இருந்திருக்கோம். மேஸ்திரியை கேட்டா "சார், தண்ணி வராம பண்றேன்னுதான் சொன்னேன், காத்து வராமன்னா சொன்னேன்?" நியாயம்தான்.

ஜூன்ல வேற ஆளை வெச்சு குழிக்கு ரப்பர் வெச்ச மூடி, வாய்க்கா ஓரமெல்லாம் சீலன்ட், எக்ஸாஸ்டை கழட்டிட்டு வென்டிலேட்டர் ஒண்ணை உயரமா திறந்து விட்டோம், மண்ணுல இருக்கற வாயுவை உறிஞ்சி வெளிய விட தரைக்கு அடியிலேர்ந்து 4 இன்ச் பைப் மொட்டைமாடிக்கு மேல வரைக்கும், ஃபேன் மாடிலதான். ஃபேனை பேஸ்மென்ட்ல வெச்சா அதுக்கு மேல பைப் எங்கயாவது லீக் ஆனா வாயு வீட்டுக்குள்ளயே வரும், அதனால. சீலன்ட் மட்டும் போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எங்களுக்கு அது போட்ட அப்புறமும் 180, ஃபேன் ஓடின பத்தாவது நாள்தான் 50க்கு கீழ வந்துச்சு. பைப்ல சிவப்பு தண்ணி ஊத்தின யு ட்யூப் ஒண்ணு மாட்டியிருக்கு, ரெண்டு பக்கமும் சமமா நின்னா ஃபேன் இழுக்கலன்னு அர்த்தம். அம்மா தினமும் விளக்கேத்திட்டு அதையும் ஒரு பார்வை பாத்துட்டுதான் வருவாங்க.

குறைன்னா, முதல் மழைக்காலத்துல பைப்புக்குள்ள ஈரம் கோத்துகிட்டு ராத்திரியெல்லாம் களக்களக்னு சத்தம், சாய்வு இல்லாம போட்டிருக்காங்க, பிரிச்சு மறுபடி போட்டாச்சு. 60 வாட் ஃபேன் 24 மணி நேரமும் ஓடுது, மாசம் 43 யூனிட். கரன்ட் போனா ரீடிங் ஏறும், இப்போ இன்வெர்ட்டர்ல குடுத்திருக்கேன். தரையை எப்படியும் உடைக்கிறப்போவே இந்த பைப்பை போட்டிருந்தா பாதி செலவுல முடிஞ்சிருக்கும், எங்களுக்கு டைல்ஸே ரெண்டு தடவை.

இன்னிக்கு காலைல மீட்டர் 41. பத்து வருஷ வாரன்ட்டின்னு சொன்ன கோட்டிங்தான் வடக்கு மூலைல பொரிய ஆரம்பிச்சிருக்கு, முதல் மேஸ்திரிக்கு மூணு நாளா போன் போடறேன், எடுக்க மாட்டேங்கறார்.