குடிநீர் ஆர்.ஓ.வா, ஆர்.ஓ.டி.ஐ.யா? இறாலும் நத்தையும் இருக்கும் உப்புநீர்த் தொட்டிக்கு எது சரி

மீன் மட்டும் இருக்கும் உப்புநீர்த் தொட்டிக்கு இந்தக் கேள்வி அவ்வளவு பெரிதில்லை. இறால், நத்தை, கடல் அர்ச்சின், பவளம் என்று முதுகெலும்பில்லாத ஜீவன்களை உள்ளே விடும்போதுதான், உப்பு கலக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சமையலறையில் ஏற்கெனவே ஓடும் ஆர்.ஓ. போதுமா, தொட்டிக்கென்று தனியாக ஆர்.ஓ.டி.ஐ. (ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்ச அயனிகளையும் ரெசின் மணிகளால் பிடிக்கும் எந்திரம்) வாங்கவேண்டுமா? நான் வாங்கிவிட்டேன். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், பார்த்துப் படியுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் முறிக்கும் மருந்தை ஊற்றி அப்படியே பயன்படுத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளோரின் போகும், நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா எல்லாம் அப்படியே இருக்கும். கண்ணாடியில் பழுப்புப் படலம் படிந்துகொண்டே இருப்பதற்கு அந்தச் சிலிக்காவும் ஒரு காரணம்.

மெம்பிரேனை, அதாவது தண்ணீரை வடிக்கும் சவ்வைப் பொறுத்தவரை இரண்டு எந்திரமும் ஒரே ஜாதி. நல்ல நிலையில் இருந்தால் கரைந்திருப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் தள்ளிவிடும். இரண்டிலும் கழிவுநீர் போகும். பாதை பிரிவது மெம்பிரேனுக்குப் பிறகு. ஆர்.ஓ.டி.ஐ.யில் மிச்சமிருப்பதையும் ரெசின் பிடித்துக்கொள்கிறது. குடிநீர் எந்திரமோ எடுத்ததைத் திரும்பச் சேர்க்கிறது: ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) கன்ட்ரோலர், அதற்குப் பிறகு மினரல் கார்ட்ரிட்ஜ். சில மாடல்களில் தாமிரம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் உண்டு. நான் ஆர்.ஓ.டி.ஐ. பக்கம் போனதற்கு அந்தத் தாமிரமே முக்கியக் காரணம்.

குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை தாமிரம் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கடல்மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்கும் தாமிர மருந்தின் அளவு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான். அதிலேயே இறால் செத்துவிடும். அதனால்தான் அந்த மருந்தைக் காட்சித் தொட்டியில் ஊற்றவே கூடாது என்பார்கள். ஆக, நாம் தாராளமாகக் குடிக்கும் தண்ணீரில் அந்த மருந்தைப்போல் பத்து மடங்கு தாமிரம் இருந்தாலும் அது நல்ல தண்ணீர்தான். இத்தனைக்கும் இறாலின் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினே தாமிரம் உள்ள பொருள். துளி தேவை, கொஞ்சம் கூடினால் காலி.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். தொட்டியில் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். கரைந்திருப்பது அங்கேயே தங்கும். 100 லிட்டர் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் வற்றுகிறது, அதை ஊற்றி நிரப்புகிறோம், வாரம் 10 லிட்டர் மாற்றுகிறோம் என்று வையுங்கள். வாரத்துக்கு உள்ளே போவது 17 லிட்டர் தண்ணீரின் அழுக்கு, வெளியே வருவது 10 லிட்டர். இப்படியே போனால் தொட்டி நீரில் தாமிரம், ஊற்றும் நீரில் இருப்பதைவிட 1.7 மடங்கில் போய் நிற்கும். ‘தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் இங்கே செல்லாது, மாற்றுவதும் அதே தண்ணீர்தானே. கல்லும் மணலும் கொஞ்சம் தாமிரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் நிஜ எண் இதேபோல் இருக்காது. ஆனால் இழுத்து வைத்ததை அவை பிறகு விடவும் கூடும்.

டிடிஎஸ் மீட்டரில் 8 காட்டினால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கருவி முழு எண்ணில்தான் பேசும், 0.2 மில்லிகிராம் தாமிரம் அதன் கண்ணுக்கே தெரியாது. அந்த 8-இல் இருப்பது சாதாரண உப்பா, தாமிரமா என்றும் அது சொல்லாது. ரெசினுக்குப் பின் 0 என்று வந்தால், உலோக அயனிகளைப் பிடிக்கும் ரெசின் இன்னும் வேலை செய்கிறது என்று தெரியும். அதுதான் அந்த 0-வின் மதிப்பு.

ஆர்.ஓ.டி.ஐ.யின் தொல்லை பராமரிப்பில் இருக்கிறது. எந்திரத்தைப் போட்டதும் முதல் சில நிமிடம் மெம்பிரேனிலிருந்து வரும் நீரில் டிடிஎஸ் எகிறியிருக்கும். அதை ரெசினுக்குள் விடாமல் வெளியே தள்ள ஒரு பைபாஸ் வால்வு வைத்தால் ரெசின் நிறைய நாள் வரும். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று அடிக்கடி பிடிப்பதைவிட ஒரேயடியாகப் பெரிய டிரம்மில் நிரப்புவது நல்லது. ரெசினின் நிறம் கீழிருந்து மேலே மாறிக்கொண்டே வரும். முழுக்க மாறும்வரை காத்திருக்காதீர்கள். தீர்ந்துபோகும் ரெசின் முதலில் கைவிடுவது சிலிக்கா மாதிரி பிடிமானம் குறைந்தவற்றைத்தான், அதை மீட்டரும் சரியாகக் காட்டாது. குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போடும் இடமென்றால் கார்பன் வடிகட்டி அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும், அதையும் ரெசின்தான் சுமக்கவேண்டும். கிணற்று நீரில் கரியமில வாயு அதிகமிருந்தாலும் ரெசின் சீக்கிரம் தீரும்.

தண்ணீரைச் சரிசெய்தால் எல்லாம் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது கிளீனர் இறால், டர்போ நத்தை, ஒரு கடல் அர்ச்சின். இறால் உரித்துப் போட்ட சட்டை காலையில் செத்த இறாலைப்போலவே பாறையில் கிடக்கும், பின்னாலேயே புது மெருகோடு அது எட்டிப் பார்க்கும். ஒழுங்காகச் சட்டை உரிக்கிறது என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். நட்சத்திர மீனும் கடல்சாமந்தியும் நான் வளர்த்ததில்லை. நட்சத்திர மீனுக்கு உடம்பின் உப்பளவைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் கிடையாது. பையிலிருந்து மாற்றும்போது சொட்டுச் சொட்டாகப் பழக்காவிட்டால் எந்த எந்திரத் தண்ணீரும் அதைக் காப்பாற்றாது. லிங்கியா மாதிரி வகைகள் பட்டினியால் மெல்லச் சாவதும் உண்டு, அதற்கும் தண்ணீர் காரணமில்லை.

ஏற்கெனவே குடிநீர் எந்திரம் இருக்கிறது, இன்னொன்றுக்கு இடமில்லை என்றால் நடுவழி ஒன்று உண்டு. மெம்பிரேனிலிருந்து வரும் குழாயிலேயே, கன்ட்ரோலருக்கும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் முன்பாக, ஒரு ‘T’ வடிவ இணைப்பு போட்டுத் தனியாக டி.ஐ. கார்ட்ரிட்ஜ் இணைக்கலாம். செலவு குறையும், தண்ணீரும் கிட்டத்தட்ட அதே தரம். எந்திரத்தின் ஸ்டோரேஜ் டேங்கிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்: அங்கே வந்து சேரும்போது மினரலும், சில மாடல்களில் தாமிரமும், ஏற்கெனவே கலந்திருக்கும்.