பார்ட்டனா, டீக்கினா: யாரைப் பற்றி முதலில் படிக்கலாம்?

ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர் எட்மண்ட் பார்ட்டன், சிட்னிக்காரர், வழக்கறிஞர். 1901 ஜனவரி 1 அன்று பதவியேற்றார். மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, 1903 செப்டம்பரில் விலகி உயர் நீதிமன்ற நீதிபதியாகிவிட்டார். சாப்பாட்டுப் பிரியர். 1879இல் சிட்னி மைதானத்தில் ரசிகர்கள் கலவரம் செய்த கிரிக்கெட் ஆட்டத்தில் நடுவராக நின்றவரும் இவரே!

அடுத்து வந்த ஆல்ஃபிரட் டீக்கின் மெல்போர்ன்காரர். மூன்று முறை பிரதமரானார். வறண்ட விக்டோரியா மாநிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கவலை அவருக்கு. பாசன முறைகளை நேரில் பார்க்க இந்தியாவுக்கே வந்தார். இந்திய, இலங்கைப் பாசனம் பற்றி 1893இல் புத்தகமும் வெளியிட்டார். பிரதமராக இருந்தபோதே லண்டன் நாளிதழ் ஒன்றுக்குப் பெயர் போடாமல் ஆஸ்திரேலிய அரசியலை எழுதி அனுப்பியதுதான் வேடிக்கை. தன்னையே விமர்சிக்கவும் செய்தாராம்! கடைசியில் நினைவாற்றல் மங்கி, 1919இல் இறந்தார்.

இனவெறிக் கணக்கில் மட்டும் இருவருக்கும் வித்தியாசமில்லை. வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுத்த 1901 குடியேற்றச் சட்டம் பார்ட்டன் ஆட்சியில் வந்தது. அட்டர்னி ஜெனரலாக அதை ஆதரித்துப் பேசியவர் டீக்கின். இந்தியாவை அவ்வளவு ரசித்துப் படித்த மனிதர்! இந்த முரணுக்காகவே நான் டீக்கினிலிருந்து தொடங்கச் சொல்வேன். பார்ட்டன் அப்புறம்.